முழுசும் பதிந்து கேட்ட படங்கள்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், எண்பதுகளில் மாயவரத்தில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர்.

கேள்வி: ஐயா, என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ‘எண்பதுகளில் வந்த தமிழ்ப் பாட்டில், ஆல்பமாக முழுசாகக் கேட்க வேண்டியது எதெது? பத்து சொல்லுங்கப்பா’ என்கிறாள். உட்கார்ந்து யோசித்தால் எனக்குப் பாட்டு பாட்டாகத்தான் நினைவு வருகிறது, ஆல்பமாக வரவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்ல முடியுமா?
(பேரளத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: சார், உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. எண்பதுகளின் நல்ல பாட்டு எது என்றால் எந்த டீக்கடையிலும் இருநூறு சொல்வார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கை பொத்தானுக்குப் போகாமல் கேட்கிற தொகுப்பு எது என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நான் சொல்வது கடையில் பார்த்ததை வைத்து. எல்பி ரெக்கார்டும் அதைப் போட்டுக் கேட்கிற பிளேயரும் இருந்த வீடுகள் அன்றைக்கு எங்கள் ஊரில் குறைவு. மற்றவர்கள் ஒரு வெற்று கேஸட்டையும் ஒரு சீட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். 60 நிமிட கேஸட், பக்கத்துக்கு 30. சீட்டில் படத்துக்கு ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு எழுதியிருக்கும். சில படங்களுக்கு மட்டும் பாட்டின் பெயரே இருக்காது. படத்தின் பெயர், பக்கத்தில் ‘முழுசும்’, அவ்வளவுதான்.

சில மாதம் போனதும் அதே கேஸட் திரும்பி வரும். ‘பழசை அழிச்சிட்டுப் புதுப்படம் போட்டுக் குடுங்க’ என்பார்கள். வெற்று கேஸட்டுக்கும் காசு வேண்டுமே. ஆனால் எல்லாக் கேஸட்டும் திரும்பி வராது. கேஸட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் தவறிக்கூட மறுபடி பதியாது. ‘அதை உடைச்சே குடுத்துடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. முழுசும் பதியச் சொன்னவை, அழிக்க மனம் வராதவை. இரண்டிலும் தேறியவற்றைச் சொல்கிறேன். கணக்கு 1980 முதல் 1989 வரை.

முதலில் ‘ஒருதலை ராகம்’ (1980). ஊர்ப்பாசம் இதில் உண்டு, மறைக்கவில்லை. இதற்கு இசையமைத்த டி. ராஜேந்தர் எங்கள் மாயவரத்துக்காரர். படத்தில் வரும் கல்லூரி மன்னம்பந்தல் கல்லூரி. ஆனால் அதற்காக மட்டும் முதலிடம் தரவில்லை. காதல் படம், ஆனால் பாட்டுகளில் ஒரு பெண் குரல் கிடையாது, டூயட் கிடையாது. காதல் ஒரு பக்கம்தான் என்பதைப் படம் பார்க்காதவனுக்கும் அந்தத் தொகுப்பே சொல்லிவிடும். எஸ்.பி.பி. ‘வாசமில்லா மலரிது’ பாடுகிறார், ஜெயச்சந்திரன் ‘கடவுள் வாழும் கோவிலிலே’ பாடுகிறார், மலேசியா வாசுதேவன் ‘கூடையிலே கருவாடு’ என்று கூத்தடிக்கிறார். நடுவில் டி.எம்.எஸ். வருகிறார். புதுப்படங்களில் அவருக்குப் பாட்டு குறைந்துகொண்டிருந்த நேரம். ஒரு புதிய இசையமைப்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கல்லூரிப் பையனுக்குப் பாட வைத்தார். ‘நானொரு ராசியில்லா ராஜா’வில் அந்தக் குரலின் வயதே பாட்டுக்குப் பலமாகிவிட்டது.

‘நிழல்கள்’ (1980) படம் ஓடவில்லை. ரெக்கார்டு ஓடியது. வைரமுத்துவின் முதல் பாட்டான ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ இதில்தான். எஸ்.ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’ ரெக்கார்டில் உண்டு, படத்தில் இல்லை. நாலே பாட்டு, அதில் ஒன்றைக் கேட்க ரெக்கார்டைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. ‘படம் பார்த்தேன், அந்தப் பாட்டே வரலையே’ என்று கடை வாசலில் வந்து கேட்டவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பாட்டு படத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) இன்னொன்று. ஸ்ரீதர் இயக்கிய அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் இன்று பலருக்குச் சொல்லத் தெரியாது, ‘பனிவிழும் மலர்வனம்’ தெரியாதவர் இல்லை.

அடுத்த இரண்டையும் உங்கள் மகள் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்கட்டும். ‘ஜானி’ (1980), ‘மௌன ராகம்’ (1986). இரண்டிலும் ஐந்தைந்து பாட்டு. ‘ஜானி’யில் ஐந்துக்கும் ஐந்து குரல். ஜென்சி, ஜானகி, சுஜாதா, ஷைலஜா, எஸ்.பி.பி. ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடியிருக்க முடியாது. ‘என் வானிலே’யை ஜென்சி பாடும்போது குரல் கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். தேர்ந்த குரலில் அந்தத் தயக்கம் வராது. உடனே ‘காற்றில் எந்தன் கீதம்’ போட்டால் ஜானகி கொட்டித் தீர்க்கிறார். ‘மௌன ராக’த்தில் ஐந்து பாட்டுக்கும் எஸ்.பி.பி., ஜானகி இரண்டே பேர். எழுதியவர் வாலி ஒருவர்தான். ‘ஓஹோ மேகம் வந்ததோ’வில் துள்ளுகிற ஜானகி, ‘சின்னச் சின்ன வண்ணக்குயில்’ வருவதற்குள் வேறு பெண்ணாகியிருப்பார். ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ தொடங்கும்போது எஸ்.பி.பி. குரலை ஏற்றவே மாட்டார். கட்டிலின் அந்தப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிற அளவுக்குத்தான் சத்தம். ஒரு தொகுப்பைக் கட்ட எத்தனை வழி இருக்கிறது என்று இந்த இரண்டையும் கேட்டாலே பிடிபடும்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பாட்டு, பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் 22, 23 நிமிடத்தில் முடிந்துவிடும். கேஸட்டில் அந்தப் பக்கத்தில் 7 நிமிடம் காலியாக இருக்கும். அந்த 7 நிமிடத்தில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் ரெக்கார்டிங் கடைக்காரரின் பேர் இருந்தது. ‘மௌன ராகம்’ முடிந்ததும் குத்துப்பாட்டுப் போட்டால் வாடிக்கையாளர் மறுநாளே வந்து நிற்பார். ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’ போட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த தடவை தம்பியையும் கூட்டிவருவார்.

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எஸ்.பி.பி. என்கிற ஒரு குரலின் தொகுப்பு என்றே அதைக் கேட்கலாம். ‘முதல் மரியாதை’யும் (1985) அப்படியே. சிவாஜிக்கு மலேசியா வாசுதேவன் பாடுவார் என்று அதற்கு முன் எங்கள் கடையில் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். ‘பூங்காற்று திரும்புமா’ வந்தபிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அதே 1985-ல் ‘சிந்து பைரவி’. இதற்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள், ஏனென்றால் எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் இது பெரிய பேச்சானது. ‘பாடறியேன் படிப்பறியேன்’ கிராமத்துப் பாட்டாகத் தொடங்கி, கடைசியில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனை காம்போதி ராகம். இளையராஜா அதைச் சாரமதியில் வைத்தார். திருவையாற்றுக்கு வருஷா வருஷம் போய் ஆற்றங்கரைப் பந்தலில் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடிவிட்டு வருகிறவர்கள் இருக்கிற ஊர்கள் இவை. ‘ஐயர்வாள் ராகத்தை இவர் எப்படி மாற்றலாம்’ என்று ஒரு கட்சி, ‘சித்ரா பாடினதைக் கேட்டுட்டுப் பேசுங்க’ என்று ஒரு கட்சி. கடை பெஞ்சில் இந்த வழக்கு பல மாலை நடந்தது. நான் சித்ரா கட்சி. சிறு வயதுப் பெண், அந்த இணைப்பை ஒரு மூச்சில் கடக்கிறார், தையல் தெரியவில்லை. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வந்தது. அதே வருஷத்து விருதில் ‘முதல் மரியாதை’ பாட்டுக்காக வைரமுத்துவுக்கும் வந்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. படம் வந்தபிறகு கல்லூரிப் பையன்கள் கடைக்கு வந்து, ‘அந்தக் கீர்த்தனை ஒரிஜினல் ராகத்தில் இருக்கா?’ என்று கேட்டார்கள். அதற்கு முன் அவர்களில் ஒருவரும் கர்நாடக இசை ரெக்கார்டு பக்கம் திரும்பியதில்லை.

அந்த வழியிலேயே ‘ஹவ் டு நேம் இட்’ (1986). படம் இல்லை, வார்த்தை இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாஹ் (Bach) அவர்களுக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய தொகுப்பு. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் கமகத்தோடு ராகம் பாடிக்கொண்டு போகும், சுற்றிலும் மற்ற வயலின்கள் மேற்கத்திய முறையில் பதில் சொல்லும். பத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். காதில் மாட்டும் ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஒரே ஒரு வயலினை மட்டும் பின்தொடரட்டும், அடுத்த தடவை கீழே ஓடும் கனத்த தந்தியைப் பிடிக்கட்டும்.

பத்தாவது ‘கரகாட்டக்காரன்’ (1989). ‘மாங்குயிலே பூங்குயிலே’ இதில் இரண்டு தடவை வரும், எஸ்.பி.பி. தனியாக ஒன்று, ஜானகியோடு ஒன்று. இரண்டையும் விடாமல் பதியச் சொன்னார்கள். மனோவும் சித்ராவும் பாடும் ‘குடகு மலைக் காற்றில்’ எங்கள் ஜனங்களுக்குத் தனிப் பிரியம். காவிரி பிறக்கிற மலையின் பேரோடு ஒரு பாட்டு தொடங்கினால், ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று காத்திருக்கிறவன் நின்று கேட்காமல் என்ன செய்வான்?

கேள்வி: எண்பதுகள் என்றால் எல்லாரும் இளையராஜா, இளையராஜா என்கிறார்கள். மெல்லிசை மன்னர் அந்தப் பத்தாண்டில் ஒன்றுமே செய்யவில்லையா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செய்தார். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) ஒன்று போதும். ‘நல்லதோர் வீணை செய்தே’, ‘தீர்த்தக் கரையினிலே’ இரண்டும் பாரதி. நூறு பேர் மெட்டுப் போட்ட பாரதியை எடுத்து, வேலையில்லாத பட்டதாரியின் வாயில் அது நேற்று எழுதினது மாதிரி ஒலிக்க வைத்தார் எம்.எஸ்.வி. ‘சிப்பி இருக்குது முத்தும் இருக்குது’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு பிறக்கிற நேரத்தையே பாட்டாக்கியிருக்கிறார்கள். நாயகி ஸ்வரத்தைத் தருகிறாள், நாயகன் வார்த்தையைத் தருகிறான். எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் எதிரெதிரே உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. அடுத்த வருஷம் கண்ணதாசன் போய்விட்டார்.

பத்து என்று கணக்கு வைத்ததால் மேலே ஆசிரியருக்குச் சொன்னதில் இது சேரவில்லை. பதினொன்று கேட்டிருந்தால் இதுதான் பதினொன்று.

கேள்வி: ‘ரோஜா’ பாட்டு எண்பதுகளா தொண்ணூறுகளா? எங்களுக்குள் பிரியாணிப் பந்தயம்.
(நாகப்பட்டினம், கல்லூரி மாணவர்கள்)

பதில்: 1992. தொண்ணூறு என்று சொன்னவருக்குப் பிரியாணி.

கேள்வி: எண்பதுகளின் ஆல்பம் என்று நீங்களெல்லாம் சினிமாவையே சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் விடிந்தால் ஹனிபா, அடுத்த தெருவில் கந்த சஷ்டி கவசம். கல்யாணம் காதுகுத்து என்றால் நாதஸ்வரம். அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லையே, ஏன்?
(நாகூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எடுக்க வேண்டும் அம்மா. நீங்கள் சொன்னவை என் கடையில் எந்தச் சினிமாவையும்விட நிதானமாக, எல்லா மாதமும் விற்றவை. சினிமாப் பாட்டு மூன்று மாதம் பறக்கும், அப்புறம் படுத்துவிடும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ இருக்கிற கேஸட் ஒருநாளும் படுத்ததில்லை. வாங்கியவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மைக் செட் கட்டினால் முதல் பாட்டு சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. சூலமங்கலம் சகோதரிகளின் கவசம் இல்லாத கிருத்திகை இல்லை. நாகூர், சீர்காழி, சூலமங்கலம், மூன்றும் நம் டெல்டா ஊர்கள். தமிழ்நாடே காலையில் எழுந்ததும் கேட்ட குரல்களில் இத்தனை பேர் நம் பக்கத்துப் பேரைச் சுமந்திருக்கிறார்கள்.

ஒரே சிக்கல், கவசம் மாதிரி இவற்றில் பலவும் எண்பதுகளுக்கு முன்பே பதிவானவை. கேஸட் வந்ததால் எண்பதுகளில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. அதனால் பத்தாண்டுப் பட்டியலில் வைக்கத் தயங்குகிறேன், மதிப்புக் குறைவால் இல்லை.

அந்தப் பத்தாண்டில் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்பட்ட, சினிமா அல்லாத இசை என்றால் குன்னக்குடி வைத்தியநாதன் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியம் தவிலும் சேர்ந்த ஜோடி. அப்புறம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மீசை முளைக்காத பையன் அந்தச் சின்னக் கருவியில் ஆலாபனை செய்வதைக் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் கேஸட் அட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நாதஸ்வரத்தில் ஸ்ரீரங்கம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, நம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பாணியை நெஞ்சில் வைத்து வாசித்தவர்.

நாதஸ்வரம் பதிகிற நாளில் கடையில் வேறு வேலை ஓடாது. தெருவில் நாலு முக்கு தாண்டிக் கேட்பதற்காகச் செய்த வாத்தியம் அது. பதிவுச் சத்தத்தை நாதஸ்வரத்துக்கு அளவு வைத்தால், தவில் தனி ஆவர்த்தனத்தில் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒட்டிக்கொள்ளும், பதிவு கரகரக்கும். தவிலுக்கு அளவு வைத்தால் ஆலாபனை தொடங்குகிற இடம் கேஸட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். தவிலுக்கு வைத்துவிட்டு, ஆலாபனைக்கு மட்டும் குமிழை மெல்ல ஏற்றி, வழியில் பிடித்துப் பிடித்து இறக்குவேன். முழுக் கச்சேரிக்கும் குமிழிலிருந்து கை எடுக்க முடியாது. அப்படிப் பதிந்த தோடி ராகக் கேஸட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, இன்னும் கரகரக்கவில்லை.

கேள்வி: கஜா புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அப்பாவின் கேஸட் பெட்டி நனைந்துவிட்டது. காய வைத்து எடுத்து வைத்தோம். அப்பா இப்போது இல்லை. ஒரு பழைய டேப்ரிக்கார்டர் கிடைத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா அண்ணா?
(திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: உடனே போட வேண்டாம் அம்மா, தயவுசெய்து. 2018 நவம்பரில் நனைந்த நாடா இத்தனை நாளில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போட்டதும் சிக்கி அறுந்துவிடும்.

முதலில் கேஸட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடா சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. அதைத் தனியாக வையுங்கள், மற்றதோடு சேர்த்து ஒரே மெஷினில் போட்டால் மற்றதற்கும் பரவும். பூஞ்சை இல்லாததில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் இழுக்காதீர்கள், திசை மாற்றிக் கொஞ்சம், மறுபடி இந்தப் பக்கம் கொஞ்சம். ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கையால் சுற்றிவிட்டால் பாதி ஆபத்து நீங்கியது.

மூலைகளிலும் நடுவிலும் திருகு உள்ள கேஸட் என்றால் கழற்றலாம். உள்ளே செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும், நாடாவிலிருந்து சத்தத்தை எடுக்கிற ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிப்பது அதுதான். வெள்ளத்தில் நனைந்ததில் பெரும்பாலும் பசை விட்டு விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மந்தமாக, தூரத்தில் கேட்பது மாதிரி வரும். நாடா போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உபயோகமில்லாத ஒரு திருகு கேஸட்டை எடுத்து, அதன் கூட்டுக்குள் அப்பாவின் நாடாவை மாற்றிப் போடுங்கள். ஒட்டி மூடின கேஸட் என்றால் மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளந்து, அதேபோல் கூடு மாற்றலாம்.

மெஷினின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு கேஸட் முடிந்ததும் துடைக்க வேண்டும், நனைந்த நாடா பழுப்புப் பொடியை உதிர்க்கும். சத்தம் கம்மலாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படித் திருப்புங்கள். தாளத்தின் ‘ஸ்’ சத்தம் தெளிவாகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கடையின் மெஷினும் ஒவ்வொரு கோணத்தில் பதிந்திருக்கும் என்பதால் கேஸட்டுக்குக் கேஸட் இது மாறும்.

சினிமாப் பாட்டு உள்ள கேஸட்டுகளுக்கு இவ்வளவு பாடு படத் தேவையில்லை, அவை வேறு எங்கும் கிடைக்கும். கையெழுத்தில் பேர் எழுதியிருப்பது, பேரே எழுதாதது, இவற்றைத்தான் முதலில் எடுங்கள். பாட்டு முடிந்து மிச்சம் இருக்கிற அந்த 7 நிமிடத்தில் வீட்டுக் குழந்தை பேசுவதையும் பாட்டி பாடுவதையும் பதிந்து வைத்த வீடுகள் ஏராளம். அதனால் எந்தப் பக்கத்தையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து லைன்-இன் துளையில் கொடுங்கள், மைக் வைத்துப் பிடிக்க வேண்டாம். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் யாரிடமாவது. பூஞ்சை பிடித்த கேஸட்டுகளை மட்டும் கடைசியாக, தூக்கிப் போடத் தயாராக இருக்கும் ஒரு மெஷினில் ஓட்டிக்கொள்ளுங்கள்.